விலாசம் இல்லாதவருக்கு ஓர் உண்டியல்

(காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலாசம் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் இரண்டு பொருள். தபால்காரர் தேடிவரும் கதவிலக்கமும் தெருவும் ஒன்று. இன்னொன்று, கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய செட்டியார்களின் கடை விலாசம். பாட்டனார், தகப்பனார், தன் பெயர் என்று முதலெழுத்துகளைக் கோத்து எழுதும் இரண்டு மூன்று எழுத்து. அந்த எழுத்துகளை ஒரு துண்டுக் காகிதத்தின் அடியில் போட்டுவிட்டால் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் கேள்வி கேட்காமல் பணத்தை எண்ணி வைத்தார்கள். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறேன். சண்டை நடக்கிற ஊரில் அகப்பட்டவர்களுக்கு அரிசியும் மருந்தும் பணமும் எப்படிப் போய்ச் சேர்கின்றன, ஏன் பல சமயம் சேராமல் போகின்றன என்பதுதான் பொருள்.

நான் தொழிலால் கணக்கன். இலங்கையின் வன்னியில் போர் முடிந்த பிறகு சில ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தின் மறுகுடியேற்றக் கணக்குகளைச் சரிபார்த்தவன். செட்டியார் வீட்டுப் பிள்ளையும் அல்ல. ரங்கூனில் ஒரு வட்டிக்கடைக்குச் சமையல் பார்க்கப் போனவரின் பேரன்.

முதலில் உண்டியலைச் சொல்கிறேன். மாணவப் பிள்ளைகள் பலருக்கு அது கோயிலில் காசு போடும் பெட்டி. இங்கே ஒருவர் கடையில் பணத்தைக் கட்டுகிறார். அதே தொகையை ரங்கூனில் இன்னொருவர் பெற்றுக்கொள்கிறார். நடுவே கடலில் ஒரு தம்பிடி கூடப் பயணம் செய்யவில்லை. போனது காகிதம் மட்டும். தரிசன உண்டியல் என்றால் காகிதத்தைக் கண்ட மாத்திரத்தில் பணம். இரு கடைகளுக்கும் இடையே ஏறுகிற பற்று வரவைப் பிறகு நேர்செய்துகொள்வார்கள். 1930ஆம் ஆண்டு வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அங்கே போகிற ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே வீட்டில் கொடுத்துவிடுவார்கள். கடல் கடந்தவன் திரும்பி வருகிற வரை குடும்பம் பசி அறியக் கூடாது என்ற ஏற்பாடு அது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, பணம் போகவேண்டிய இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பது. லாரியை மறிக்கலாம், கப்பலைத் திருப்பலாம், வங்கியைப் பூட்டலாம். அந்த ஊர்க் கடைக்காரனின் பெட்டிக்குள் இருக்கிற பணத்தை எந்தச் சோதனைச் சாவடியும் மறிப்பதில்லை, அது சாவடிக்கு உள்ளே இருப்பதால்.

அந்தச் சமையல்காரப் பாட்டனார், என் ஐயா, 1942இல் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மார்ச் 8ஆம் தேதி நகரம் அவர்கள் கையில் விழுந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் புறப்பட்டார்கள். கப்பலில் இடம் பிடிக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குக் கால்தான். ஐயா போனது புரோமிலிருந்து மலை தாண்டி டவுங்குப்புக்குப் போகிற அரக்கான் பாதை. அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங், ரயிலில் கல்கத்தா. வழியெல்லாம் காலரா. கூட நடந்தவர் ஒரு தெலுங்குக்காரர், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மலையில் காய்ச்சல் கண்ட ஐயாவை இரண்டு நாள் தோளில் தாங்கிக் கூட்டிவந்தவர் அவர்தான்.

கல்கத்தாவில் ஐயா நேராகச் செட்டியார் கடையைத் தேடிப் போனார். ரங்கூனில் கடை இருந்த கிட்டங்கியின் பெயரையும் முதலாளி விலாசத்தையும் சொன்னார். கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்டாராம், முதலாளியின் ஊர் எது, ஏஜெண்டுக்கு அடுத்தாள் யார் என்று. பத்து ரூபாயும் மெட்ராஸ் வரைக்கும் டிக்கெட்டும் கொடுத்தார். ஐயா வாசலைக் காட்டி, கூட வந்தவருக்கும் ஏதாவது கொடுங்கள் என்றார். கடைக்காரர் நல்ல மனிதர்தான். பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "கொடுக்கலாம்ப்பா, யார் பேர்ல பற்று எழுதுறது?" என்று கேட்டார். ஐயா, "என் பேர்லயே எழுதுங்க" என்றார். ஐந்து ரூபாய். ஊருக்கு வந்தபின் அந்த ஐந்து ரூபாயை ஐயா சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கணக்கு அப்படித்தான் என்பார்.

பெருமையோடு சேர்த்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விலாசம் உள்ளவர்களுக்கு இடையே நம்முடைய ஏற்பாடு பழுதில்லாமல் ஓடியது. விலாசம் இல்லாதவருக்கு அதில் வாசல் இல்லை. பர்மாக்காரர் நமக்குக் கடனாளி. 1930களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார் பேரில் ஏறியிருந்தது. அந்த வயலை இழந்தவனின் கண்ணில் இந்த உண்டியல் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நாம் நினைக்காமல் இருக்கக் கூடாது. இன்று உதவிக்குப் போகிற பெரிய நிறுவனங்களுக்கும் இதே சோதனைதான். தனக்குத் தெரிந்தவருக்குக் கொடுப்பது சுலபம். தெரியாதவரின் பெயரில் யார் பற்று எழுதுவது?

பிரிட்டிஷ் அரசாங்கம் 1942இல் அந்தப் பற்றை எப்படி எழுதியது என்று பாருங்கள். வடக்கே தாமு வழியாக இம்பாலுக்கும், ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக லேடோவுக்கும் நடந்தவர்களுக்கு முகாம் போட்டுச் சோறு கொடுத்ததில் இந்தியத் தேயிலைச் சங்கத்தாரின் பங்கு பெரிது. தோட்டத் துரைமார் தங்கள் கூலிகளையும் யானைகளையும் கொண்டுவந்து பாதை திருத்தினார்கள். கைல்ஸ் மாக்ரெல் என்ற தேயிலை அதிகாரி அந்த ஜூன் மாத மழையில் தாபா ஆற்று வெள்ளத்தில் யானைகளை இறக்கி ஆட்களைக் கரையேற்றினார். ஹுகாங்கில் சிக்கியவர்களுக்கு விமானத்திலிருந்து உணவு மூட்டைகள் போட்டார்கள். இதெல்லாம் நடந்தது. பாதையிலும் முகாமிலும் வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்ததும் அதே ஆண்டில்தான் நடந்தது. வழியில் இறந்தவர்கள் பல ஆயிரம் பேர். பெயர் எழுதி வைத்தவர் இல்லாததால் சரியான தொகை கிடையாது.

காட்டில் கடை இல்லை. அங்கே மடியில் நூறு ரூபாய் இருந்தாலும் ஒரு பிடி அரிசிக்கு உதவாது. அந்த இடத்தில் மூட்டைதான் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பணமா மூட்டையா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

மேலிருந்து மூட்டை போடுவதை நம் தலைமுறை ஒருமுறை பக்கத்திலேயே பார்த்தது. 1987 ஜூன் 3ஆம் தேதி ராமேசுவரத்திலிருந்து சுமார் 20 மீன்பிடிப் படகுகள் அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாள் இந்திய விமானப் படையின் ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருளைப் போட்டன. ஆபரேஷன் பூமாலை என்று பெயர். அன்று வீட்டுக்கு வீடு ரேடியோவுக்குப் பக்கத்தில் கூடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷப்பட்டோம். கணக்கன் ஆனபிறகு ஒருநாள் அந்த 25 டன்னை வகுத்துப் பார்த்தேன். குடாநாட்டில் அப்போது ஏழு லட்சத்துக்கு மேல் ஜனம். தலைக்கு 35 கிராம் வருகிறது. ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியால் யாரும் பசியாறவில்லை. அது கொழும்புக்கு டெல்லி அனுப்பிய செய்தி. பிறகு இரு அரசுகளும் பேசிக் கப்பலில் பொருள் போனபோதுதான் உலையில் போடும் அளவுக்கு அரிசி போனது. இன்றும் எந்த நாட்டிலாவது விமானத்திலிருந்து மூட்டை விழுகிற படத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது எத்தனை டன், எத்தனை தலை என்பதைத்தான். தென் சூடானில் சாலை மூழ்கும் மழைக்காலத்தில் உலக உணவுத் திட்டம் இப்படித்தான் தானியம் போடுகிறது. அங்கே வேறு வழி இல்லை. வேறு வழி இருக்கும்போது இதைச் செய்தால் பல மடங்கு செலவு, விழுகிற இடத்தில் கைவலுத்தவனுக்கே பங்கு.

இப்போது வன்னி. சொல்லக் கடினமான பகுதி இது.

2008 செப்டம்பரில், சண்டை நெருங்கியபோது, இலங்கை அரசு உத்தரவின் பேரில் ஐ.நா. அமைப்புகளும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. ஊர் மக்கள் அலுவலக வாசலில் நின்று போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அதன்பின் உள்ளே நிலைத்து இருந்த சர்வதேச அமைப்பு செஞ்சிலுவைக் குழு ஒன்றே. சில மாதங்கள் லாரித் தொடர்கள் போய்வந்தன. 2009 ஜனவரிக்குப் பிறகு அதுவும் நின்றது. பிப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு அமர்த்திய 'கிரீன் ஓஷன்' என்ற கப்பல் புதுமாத்தளன் கரைக்கு வந்தது. அங்கே துறை ஏது? கப்பல் ஆழத்தில் நிற்க, மீன்பிடிப் படகுகளில் அரிசியை இறக்கிக் காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். 13,000க்கும் மேற்பட்டவர்களைத் திருகோணமலைப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். மே 9ஆம் தேதிக்குப் பிறகு கப்பலால் கரையை அணுக முடியவில்லை.

எவ்வளவு அரிசி போகவேண்டும் என்பதைத் தீர்மானித்தது தலைக்கணக்கு. கொழும்பு ஒரு கட்டத்தில் உள்ளே சுமார் 70,000 பேர்தான் என்றது. அங்கேயே இருந்து கணக்கெடுத்த மாவட்ட அரசாங்க அதிபர் அலுவலகம் பல மடங்கு அதிகம் சொன்னது. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் பதிந்தவர்கள் சுமார் 2,80,000 பேர். ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் இந்தக் குறைத்துச் சொல்லலைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை எழுதியது. நான் கணக்குப் பிடித்து வாழ்ந்தவன். ஒரு எண்ணைக் குறைத்து எழுதினால் எத்தனை வாய்க்குக் கஞ்சி போகாது என்பதை அதற்கு முன் அவ்வளவு தெளிவாக நான் உணர்ந்ததில்லை. குண்டைப் பற்றி உலகம் பேசுகிறது. பேனாவைப் பற்றியும் பேச வேண்டும்.

கச்சேரி எனப்படும் அரசாங்க அதிபர் அலுவலக ஊழியர்கள், அரசாங்க மருத்துவர்கள், கிராம சேவகர்கள், செஞ்சிலுவைக் குழுவின் உள்ளூர்ப் பணியாளர்கள், படகோட்டிகள் எல்லோரும் அந்தக் கடற்கரையில்தான் நின்றார்கள். செஞ்சிலுவைப் பணியாளர் மூன்று பேர் அந்தச் சில மாதங்களில் கொல்லப்பட்டார்கள். உதவி என்று நாம் பெரிய பெயர் வைத்துச் சொல்வது கடைசியில் இந்த மாதிரி ஒருவரின் கைக்கு வந்து நிற்கிறது. அந்தக் கை அந்த ஊருடையது.

போர் முடிந்ததும் மக்களை வவுனியா மாவட்டத்தில் மெனிக் பார்ம் முகாமில் வைத்தார்கள். அந்த முகாம் இருந்தது செட்டிகுளம் பகுதியில். அங்கிருந்து ஊர் திரும்பியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு குடும்பத்துக்கு 25,000 இலங்கை ரூபாய் கொடுத்தது. 5,000 கையில், 20,000 வங்கிக் கணக்கில். அதற்குப் பின்னால் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் வந்தது. வன்னியில் புதிய வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் வீட்டுக்காரர் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒன்று, கூரைக்கு ஒன்று. கொத்தனாரை அவர்களே பேசுவார்கள், மணலை அவர்களே பார்த்து வாங்குவார்கள். சாமி அறை எந்த மூலையில் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இந்தியப் பணத்தில் இலங்கையில் செய்த வேலைகளில் எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான். குறையும் உண்டு. ஒரே நேரத்தில் எல்லோரும் கட்டியதால் மணலும் சீமெந்தும் விலை ஏறின, கொத்தனாருக்குத் தட்டுப்பாடு. பலர் மேற்கொண்டு கடன் வாங்கித்தான் கூரை போட்டார்கள். தொகையை முடிவு செய்தவர்கள் ஒரு நாள் சந்தையில் நின்றிருந்தால் இது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அந்த நாட்களில் நான் பதிவேடு பார்த்த ஒரு கொடுப்பனவு நாள். ஐம்பது வயதுக்கு மேலான அம்மா ஒருவர். கணவரும் மூத்த மகனும் இல்லை. கையில் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. படிவத்தில் பெயர், வயது எல்லாம் நிரப்பிவிட்டு, "விலாசம் சொல்லுங்கோ அம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "எந்த விலாசம் தம்பி? இருந்ததையோ, இப்ப இருக்கிறதையோ?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. எதைச் சொன்னால் பணம் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற கிராம சேவகர், "எழுதுங்கோ, இவவை எனக்குத் தெரியும், நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். கல்கத்தாக் கடையில் ஐயா நின்றது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆகவே பெயர் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்பதுதான் உதவியின் ஆணிவேர். உலகம் முழுக்க அப்படித்தான். சோமாலியாவில் வங்கி என்று ஒன்று இல்லாத காலத்தில் ஹவாலாக் கடைகள்தான் நாட்டையே தாங்கின. அது நம் உண்டியலின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. 2001 நவம்பரில் அமெரிக்கா அங்கே பெரிய கடையான அல் பரகாத்தை முடக்கியது. 2011இல் தெற்குச் சோமாலியாவில் பஞ்சம் வந்தபோது உலக உணவுத் திட்டத்தின் லாரி போக முடியாத ஊர்களில் அதே மாதிரி ஹவாலாக் கடைகள் மூலமாகத்தான் தொண்டு நிறுவனங்கள் பல லட்சம் பேருக்குப் பணத்தைச் சேர்த்தன. எல்லை தாண்டிய உண்டியல் இந்தியச் சட்டத்துக்குப் புறம்பானது என்பது எனக்குத் தெரியும். அந்த வழியில் ஆயுதப் பணமும் கள்ளப் பணமும் போனதும் உண்மை. அதை யாரையும் செய்யச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த அறிவை, சட்டத்துக்கு உட்பட்டுக் கணக்குக் காட்டி எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

சூடானில் 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கியதும் பெரிய அமைப்புகள் கார்ட்டூமை விட்டுப் போயின. தெருப் பிள்ளைகள் அவசர உதவி அறைகள் என்று சேர்ந்து பொதுச் சமையல் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஒரு வங்கியின் கைப்பேசிச் செயலியில் பணம் போட, இவர்கள் அந்தத் தெருவிலேயே பருப்பும் ரொட்டியும் வாங்கி அடுப்பேற்றினார்கள். 2024 பிப்ரவரியில் தொலைபேசி வலை அறுந்ததும் பணம் வராமல் பல அடுப்புகள் அணைந்தன. 2025இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியதும் இன்னும் பல அணைந்தன. காசாவில் வேறு விதம். கைப்பேசியில் பணம் வந்தது, கையில் நோட்டு இல்லை. நோட்டாக மாற்றித் தருபவர்கள் நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று வட்டம் கழித்துக்கொண்டார்கள். வட்டம் என்ற சொல்லின் வலி இந்த ஊருக்குத் தெரியும்.

பணமா, மூட்டையா? கடை திறந்திருந்தால் பணம் கொடுக்க வேண்டும். கடையே இல்லாத இடத்தில் மூட்டை கொடுக்க வேண்டும். கடை திறந்திருந்தும் சரக்கு வரும் வழி அடைபட்டிருந்தால், பணம் விலையைத்தான் ஏற்றும். அங்கே மொத்த வியாபாரியின் லாரிக்கு வழி திறந்துவிடுவதே பெரிய உதவி. எந்த ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. வாராவாரம் சந்தையில் அரிசி, மண்ணெண்ணெய், தேங்காய் விலை விசாரித்து எழுதுகிறவர் ஒருவர் வேண்டும். சுனாமியின்போது நாகப்பட்டினம் சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழைய துணிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடுத்தவர் மனசு தங்கம்தான். ஆனால் அங்கே போய்க் கேட்டவர் யாரும் இல்லை.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பேரேடு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது, அதற்குக் காரணம் உண்டு. போரில் பெயர்ப் பட்டியல் ஒரு ஆயுதம். வங்கதேசத்தில் ரொஹிங்கியா அகதிகளிடம் உதவிக்காகப் பதிந்த விவரங்கள் மியான்மர் அரசுக்கே போய்விட்டன என்று 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. யாரிடமிருந்து ஓடிவந்தார்களோ அவர்களிடமே. அந்த மக்கள் அரக்கானிலிருந்து வந்தவர்கள், என் ஐயா காய்ச்சலோடு நடந்த அதே அரக்கான். உதவி வாங்க வந்தவரின் கைரேகையை எடுப்பவர், அதை எங்கே பூட்டி வைக்கப்போகிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்கள் நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றன. நம் சிவகங்கை மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு அரசு மாதாமாதம் பணக்கொடை தருகிறது. 2021 ஆகஸ்டில் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். போரில் அகப்பட்டவர்களுக்குப் பணமாகவே உதவுவது என்று உலகம் இன்று புதிதாகப் பேசுவதை நம் தாலுகா அலுவலகங்கள் பல காலமாகச் செய்துவருகின்றன. தொகை போதாது என்பேன். முறை சரி.

இந்த ஊரில் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று ஒதுக்குவது. கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் காசிச் சத்திரத்துக்கும் போகிற அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தைப் பெயர் தெரியாதவர் பற்று என்று ஒதுக்கி வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் நான் வந்தேன். அதை எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். பஸ் ஏறி அந்த முகாம்களுக்கே முதலில் போய்வாருங்கள். மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள். மாதப் பணத்தில் முதலில் எதற்குச் செலவாகிறது என்று விசாரியுங்கள். நானும் அங்கே ஒரு ஆச்சியிடம் கேட்டேன். அரிசி என்பார், மருந்து என்பார் என்று நினைத்தேன். "போன் காசு" என்றார். முல்லைத்தீவில் தனியாக இருக்கும் தங்கையோடு வாரத்துக்கு ஒருநாள் பேசுகிறாராம்.